துண்டுக்கு அடியில ஒரு கோடி

வா மாப்ளே, உக்காரு. அந்த வழவழப்பான புஸ்தகத்தைத் திண்ணையில வெக்காதே, கோழி வரும். ஒரு கோடி ரூபா புஸ்தகமாச்சே.

விடியறதுக்கு முன்னாடி குடுபல்லி ஸ்டேஷன்ல பெங்களூரு வண்டி ஏறி, பொழுது சாஞ்சு இறங்கி, ஒருவழியா ரிடையர்டும் ஆயிட்டே. பி.எஃப். வந்தாச்சு, கிராஜுவிட்டி வந்தாச்சு, ரோட்டோரத்து நிலம் வித்த காசும் சேர்ந்தாச்சு. உங்கிட்ட காசு சேர்ந்த சேதி உன் சம்பந்திக்கு எட்டறதுக்கு முன்னாடி பேங்குக்காரனுக்கு எட்டிடுச்சு பாரு, அதைச் சொல்லு. டை கட்டின பையன் வீடு தேடி வந்தான். உன்னை சார்னான், உன் சம்சாரத்தை அம்மான்னான், அவ கொடுத்த முறுக்கை நல்லாயிருக்குதுன்னான். அப்புறம் பிரைவேட் ஈக்விட்டின்னு ஒண்ணு இருக்குது, பெரிய மனுஷங்க மட்டும் போடறது, இப்ப உங்களுக்கும் கதவு திறந்திருக்குதுன்னான். சரியா? முறுக்கை அவன் புகழ்ந்தப்பவே நீ உஷாராயிருக்கணும். உன் சம்சாரம் முறுக்கு எனக்குத் தெரியாதா.

எனக்கு என்னா தெரியும்? நான் மாட்டுத் தரகன். சந்தை சந்தையா சுத்தினவன். பேரன் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை செய்யறான். ராத்திரி சாப்பிடும்போது அவன் பேசறது என் காதுல விழுது, அவ்வளவுதான். அதனால நான் சொல்றதை வேதமா எடுத்துக்காதே. அதுக்காக அந்தப் பையன் சொல்றதையும் எடுத்துக்காதே.

சரக்கு என்னான்னு முதல்ல பாப்போம். பங்குச் சந்தைக்கு வராத கம்பெனியை முழுசாவோ பாதியாவோ வாங்கறது, நாலஞ்சு வருஷம் வெச்சுத் தேத்தறது, அப்புறம் வேற ஒருத்தன் தலையில கட்டறது. லாபத்துக்கு விக்கிறதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். தேத்தி விக்கிறதுன்னா என்னான்னு எனக்குப் பாடம் எடுக்காதே. கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, காலையில தண்ணி காட்டி வயித்தை ரொப்பி, பல்லைக் காட்டச் சொன்னா பேச்சை மாத்தி... இந்தக் கையால எத்தனை மாட்டுக்கு வயசு குறைஞ்சிருக்குது தெரியுமா.

2012-ல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி இதுக்குச் சட்டம் போட்டுச்சு. மாற்று முதலீட்டு நிதின்னு பேரு. ஒரு ஆள் குறைஞ்சது ஒரு கோடி போடணும். ஏன் ஒரு கோடி? பணம் போனாலும் சோத்துக்குத் திண்டாடாதவன் மட்டும் உள்ள வரட்டும்னு போட்ட முள்வேலி அது. அந்த வேலியைக் காட்டியே, 'சார், உங்களுக்குன்னு தனி வாசல்'னு ஒருத்தன் பேசறான்னா அவன் நல்லா வருவான் மாப்ளே. அவன் வருவான். உன்னைப் பத்தித்தான் எனக்குக் கவலை.

அவன் சொன்னதுல உனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு எனக்குத் தெரியும். 'ஷேர் மார்க்கெட் மாதிரி இது ஏறி இறங்காது சார், அலுங்காது.' அதானே? மதனப்பள்ளி மண்டியில தக்காளி ஏலம் பாத்திருக்கே. கூவிக் கூவி விலை கேப்பான். இன்னிக்கு விலை படுத்துச்சுன்னா படுத்ததுதான், மண்டி முழுக்க கேக்கும். வயிறு எரியும், ஆனா எவ்வளவு எரியணும்னு உனக்குத் தெரியும். மாட்டுச் சந்தை அப்படி இல்ல. கை மேல துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சுத்தான் பேரம். எந்த விரலு, எத்தனை விரலு, அது ஆயிரமா பத்தாயிரமா, பிடிச்சவனுக்கும் பிடிக்கப்பட்டவனுக்கும்தான் தெரியும். பக்கத்துல நிக்கிற மாட்டுக்காரன் எங்க ரெண்டு பேர் மூஞ்சியைப் பாத்துக்கினு நிப்பான். நாங்க சிரிச்சா அவனும் சிரிப்பான்.

ஷேர் மார்க்கெட்டு தக்காளி மண்டி, இது துண்டுக்கு அடியில நடக்கிற பேரம். துண்டை எடுக்காத வரைக்கும் எந்த மாட்டு விலையும் அலுங்காது மாப்ளே. இப்ப செபி ஆறு மாசத்துக்கு ஒருதரம் வெளியாளை வெச்சு மதிப்புப் போடணும்னு சொல்லியிருக்குது. நல்ல காரியம். அந்த வெளியாளுக்குக் கூலி எந்தப் பையிலேர்ந்து போவுதுன்னு நான் கேக்கல, நீயும் கேக்காதே, மரியாதையா இருக்காது.

பெங்களூருல பைஜூஸ்னு ஒரு கம்பெனி. பிள்ளைங்களுக்கு டேப்லட்டுல பாடம் சொல்லிக் கொடுத்தாங்களே, அதுதான். 2022-ல அதுக்கு மதிப்பு 2,200 கோடி டாலர்னாங்க. சந்தைக்கு வராத கம்பெனி, அதனால விரல் கணக்குத்தான். 2023 மார்ச் கடைசி தேதிக்கு, அதுல பங்கு வெச்சிருந்த பிளாக்ராக்கு 840 கோடி டாலர்னு கணக்கு எழுதிச்சு. அதே மார்ச் கடைசிக்கு, அதே கம்பெனிக்கு, புரோசஸ்னு இன்னொரு பங்காளி 510 கோடி டாலர்னு எழுதிச்சு. ஒரே மாடு, ஒரே நாள், ரெண்டு துண்டு. மறு வருஷம் புரோசஸ் சுழின்னு எழுதிட்டுக் கையைத் தட்டிக்கிச்சு. 2024 ஜூலையில கம்பெனி திவால் வழக்குக்குப் போயிடுச்சு. உன் புஸ்தகத்துல அலுங்காம நேரா மேல போவுதே ஒரு கோடு, அதைக் கொஞ்சம் விரலால தடவிப் பாரு. பென்சில்ல போட்டதா பேனாவுல போட்டதா?

அட, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. நீ என்னா கேக்கப்போறேன்னு தெரியும். 'மாமா, கனடாக்காரன் பென்ஷன் பணத்தையே இதுல போடறானாம், அவன் முட்டாளா?' இல்ல, முட்டாள் இல்ல. கெட்டிக்காரன். இதே பைஜூஸ்ல 2018 டிசம்பர்ல கனடா பென்ஷன் வாரியமும் பணம் போட்டுச்சு. அது போனது போகட்டும். அதே 2018-ல இன்னொண்ணு நடந்துச்சு. கிருஷ்ணகிரியிலேர்ந்து தொப்பூர் போற ரோடும், வாலாஜாபேட்டை போற ரோடும் டோல் ரோடாச்சே. அந்த ரெண்டையும் இன்னும் சில ரோடுங்களையும் சேர்த்து இண்டின்ஃப்ராவிட்னு ஒரு டிரஸ்டுக்குள்ள வெச்சாங்க. அந்த டிரஸ்டுல பங்கு வாங்கினது அதே கனடா வாரியம். நம்ம ஆளு தக்காளியை ஏத்திக்கினு சேலத்துக்குப் போவான், டோல்ல நின்னு காசு கட்டுவான், திட்டிக்கினே போவான். அந்தக் காசுல ஒரு பங்கு டொரண்டோவுல குளிருக்குக் குல்லா போட்டுக்கினு இருக்கிற ஒரு பாட்டிக்குப் போய்ச் சேர்ந்துச்சு. டிரைவருக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது.

அப்ப நாமளும் போடலாமேன்னு எழுந்துக்காதே, உக்காரு. அந்த வாரியத்துல ரெண்டு கோடிக்கு மேல ஆளுங்க. சம்பளம் வாங்கறவன் ஒவ்வொருத்தன்கிட்டேயும் ஒவ்வொரு சம்பளத்துலயும் பிடிச்சுக்கினே இருக்காங்க. ஒருத்தன் ரிடையர்டு ஆனா இன்னொருத்தன் வேலைக்குச் சேர்றான். அதனால அந்த நிதிக்கு வயசே ஆவறதில்ல. மூட்டு வலிக்காது, கண்ணுல புரை விழாது, பேத்தி சடங்குக்கு சீர் செய்ய வேணாம். இருவது வருஷம் பொறுன்னா பொறுக்கும். பத்துல ரெண்டு மாடு செத்தா மீதி எட்டுல கறந்துக்கும். பென்ஷன் நிதி வேற, பென்ஷன்காரன் வேற மாப்ளே. உனக்கு அறுவது. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கினு குப்பம் பி.இ.எஸ். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போறப்ப, 'லாக்-இன் இன்னும் மூணு வருஷம் இருக்குது, பணத்தை எடுக்க முடியாது'ன்னு நெஞ்சுகிட்ட சொல்லிப் பாரு, கேக்குதான்னு.

லாக்-இன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. புஸ்தகத்துல ஏழு வருஷம்னு போட்டிருக்குது இல்ல? கீழே எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கிறதைப் படிச்சியா? பங்குதாரருங்கள்ல மதிப்புக் கணக்குல மூணுல ரெண்டு பங்கு ஆளுங்க ஒத்துக்கிட்டா இன்னும் ரெண்டு வருஷம் நீட்டலாம். மூணுல ரெண்டு பங்கு வெச்சிருக்கிறவன் நீயா? நூறு கோடி போட்டவன் கையைத் தூக்குவான், ஒரு கோடி போட்ட நீ அறுவத்தொம்பது வயசு வரைக்கும் காத்துக்கினு இருப்பே. நடுவுல வித்துட்டு வரலாம்னா வாங்க ஆள் வேணும். அவசரத்துக்கு விக்கிறவன் மாட்டை நான் என்னா விலைக்குக் கேப்பேன்னு உனக்கே தெரியும். சொந்த மச்சானா இருந்தாலும் அதே விலைதான்.

இன்னொரு வேடிக்கை. ஒரு கோடிக்குக் கையெழுத்துப் போட்டாலும் ஒரு கோடியையும் ஒரே நாள்ல வாங்கமாட்டான். கம்பெனி கிடைக்கும்போது ஓலை வரும், சில நாள்ல கட்டு, இல்லன்னா தண்டம்னு. அதனால மீதிப் பணத்தை நீ எதுலயும் போடாம கையிலயே வெச்சுக்கினு வாசலைப் பாத்துக்கினு இருக்கணும். ஆனா 'வருஷத்துக்கு இத்தனை சதவீதம் சம்பாதிச்சுக் கொடுத்தோம்'னு அவன் கணக்குப் போடறது உங்கிட்ட பணம் வாங்கின நாள்லேர்ந்துதான். வாசல்ல காத்துக்கினு இருந்த பணத்துக்கு கணக்கு கிடையாது. அமெரிக்காவுல வாரன் பஃபெட்னு ஒரு பெரியவர், என்னைவிட வயசானவர், 2019-ல தன் பங்குதாரருங்க கூட்டத்துல இந்தக் கணக்கு நேர்மையில்லைன்னு போட்டு உடைச்சிட்டார். அவரும் வாங்கி வித்துத்தான் பெரிய ஆளானவர். தொழில்காரனுக்குத்தானே தொழில்காரன் கை தெரியும்.

கூலி என்னாங்கிறே? வழக்கமா ரெண்டும் இருவதும். வருஷா வருஷம் நூத்துக்கு ரெண்டு, லாபம் வந்தா ஒரு அளவுக்கு மேல நூத்துக்கு இருவது. ஒரு கோடிக்கு ரெண்டு லட்சம், அது மேல பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. முப்பத்தாறாயிரம். ஆக, 2,36,000 ரூபா. லாபம் வந்தாலும் வராட்டியும். ஆரம்ப வருஷங்கள்ல நீ இன்னும் கொடுக்காத பணத்துக்கும் சேர்த்தே கூலி எடுக்கிறவங்க உண்டு. இப்ப இந்தப் பக்கம் வா. போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் திட்டம் இருக்குது, உச்சவரம்பு முப்பது லட்சம், வட்டி 8.2 சதவீதம். முப்பது லட்சத்தைப் போட்டா வருஷத்துக்கு 2,46,000. மூணு மாசத்துக்கு ஒருதரம் 61,500 உன் கணக்குல விழும். அதாவது நீ முப்பது லட்சத்தைப் போட்டு சர்க்கார்கிட்ட வாங்கற வட்டியும், ஒரு கோடியைப் போட்டு அந்தக் கம்பெனிக்கு நீ கட்டற கூலியும் கிட்டத்தட்ட ஒண்ணு. சர்க்கார் உன்னை வெச்சுக் காப்பாத்தும், நீ அந்தக் கம்பெனியை வெச்சுக் காப்பாத்துவே. தர்மம் தலைகாக்கும் மாப்ளே, செய்.

இந்தக் கூலிக் கணக்கு உன்னை மட்டும் குழப்புதுன்னு நினைக்காதே. கலிஃபோர்னியாவுல சர்க்கார் ஊழியருங்க பென்ஷன் நிதி, கால்பர்ஸ்னு பேரு, உலகத்துலயே பெரிசுங்கள்ல ஒண்ணு. லாபத்துல பங்குன்னு இதுவரைக்கும் எவ்வளவு கொடுத்தோம்னு கூட்டிப் பாத்துச் சொல்லவே 2015 வரைக்கும் ஆச்சு. 1990-லேர்ந்து 340 கோடி டாலர். அத்தனை கணக்குப்பிள்ளைங்க இருந்த எடத்துலயே இருவத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் கணக்கு வந்துச்சு. உங்கிட்ட இருக்கிறது ஒரு மூக்குக்கண்ணாடி, அதுவும் ஒரு காது ஒடிஞ்சது.

இதெல்லாம் அசலூர்க் கதைன்னு தள்ளிடாதே. பிரைவேட் ஈக்விட்டி நம்ம ஆந்திராவுக்குள்ள சைக்கிள்ல வந்து போயிருக்குது. வாரக் கடன் குழு ஞாபகம் இருக்குதா? அஞ்சு பொம்பளைங்க சேர்ந்து ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன், காலையில பாய் விரிச்சு உக்காந்து தவணை எண்ணி வைக்கிறது. அந்தத் தொழில்ல பெருசு எஸ்.கே.எஸ். மைக்ரோ ஃபைனான்ஸ். அதுக்குப் பின்னாடி செகோயான்னு அமெரிக்கா பணம் இருந்துச்சு. 2010 ஆகஸ்டுல பங்குச் சந்தைக்கு வந்துச்சு, ஒரு பங்கு 985 ரூபா, அடிச்சுப் பிடிச்சு வாங்கினாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அக்டோபர்ல ஆந்திரா சர்க்கார் அவசரச் சட்டம் போட்டுச்சு. வசூல் தொல்லை தாங்காம உயிரை விட்டவங்க கதையெல்லாம் பேப்பர்ல வந்ததுக்கு அப்புறம்தான் போட்டுச்சு. வசூல் நின்னுபோச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள அந்தப் பங்கு நூறு ரூபாய்க்குக் கீழ. இதுல யார் தப்பிச்சாங்கன்னு யோசி. முதல்ல வந்த பெரிய பணம், பங்கு சந்தைக்கு வர்ற அன்னிக்கே ஒரு பகுதியை வித்துட்டுச்சு. கடைசியா கதவைத் தட்டி உள்ள வந்தவன் மாட்டிக்கினான். இப்ப உனக்குக் கதவு திறந்திருக்குதுன்னு சொன்னானே அந்தப் பையன், நீ முதல்ல வர்றவனா, கடைசியா வர்றவனா?

கேளு, இன்னொண்ணு சொல்றேன். 2025 ஆகஸ்டுல அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், சாதாரண தொழிலாளி ரிடையர்மெண்ட் பணமும் இந்த மாதிரி முதலீட்டுக்குப் போக வழி பண்ணுங்கன்னு உத்தரவு போட்டார். அதே வருஷம் யேல் யுனிவர்சிடி தன் கையிலிருந்த பிரைவேட் ஈக்விட்டியில ஒரு பகுதியை விக்க இறங்கிச்சு. ஊருக்கே இந்த வித்தையைக் கத்துக்கொடுத்த எடம் அது. அங்க பணத்தைப் பாத்துக்கினு இருந்த டேவிட் ஸ்வென்சன்தான் இதுல குரு. அந்த மனுஷன் 2005-ல சாதாரண ஜனங்களுக்குன்னு ஒரு புஸ்தகம் எழுதினாரு. அதுல இதைத் தொடாதீங்க, கூலி கம்மியா இருக்கிற இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டுட்டு சும்மா இருங்கன்னுட்டாரு. சமையக்காரன் தன் வீட்டு ஆளுங்களைப் பாத்து 'நீங்க இதைச் சாப்பிடாதீங்க'ன்னா, பந்தியில உக்காந்திருக்கிற நீ இலையை மூடறியா, இன்னும் ரெண்டு கரண்டி கேக்கறியா?

பொறுத்தவன் பூமி ஆள்வான்னு சொல்லப்போறே. நம்ம மண்டலத்துலேயே அத்தாட்சி இருக்குது, ஒத்துக்கறேன். சிகுர்குண்டா சுரங்கம் இருக்கிற அதே தங்க ரேகை வடக்கே கோலாருக்குப் போவுது. 1880-ல மைசூர் கோல்டு மைனிங் கம்பெனின்னு லண்டன்ல பணம் திரட்டித் தோண்டினாங்க. நாலஞ்சு வருஷத்துல பணமெல்லாம் கரைஞ்சுது, தங்கம் இல்ல. மூடிடலாம்னு பங்குதாரருங்க நின்னாங்க. சுரங்கத்தை நடத்தின ஜான் டெய்லர் கம்பெனி ஆளுங்க இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னாங்க. அப்பதான் சாம்பியன் ரீஃப் அகப்பட்டுச்சு, பொன்னா கொட்டுச்சு. சுரங்கம் நூறு வருஷத்துக்கு மேல, 2001 பிப்ரவரியில சர்க்கார் மூடற வரைக்கும் ஓடிச்சு. சிகுர்குண்டாவும் அதோடதான் போச்சு.

ஆனா அதே 1880-ஐ ஒட்டி லண்டன்ல வயநாட்டுல தங்கம் இருக்குதுன்னு சொல்லி வரிசையா கம்பெனி ஆரம்பிச்சாங்க. அதுல போட்டவங்கள்ல பெரும்பாலானவங்க மொட்டை அடிச்சுக்கினு போனாங்க. பொறுமையில கோலார்க்காரனுக்கும் வயநாட்டுக்காரனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டு பேரும் பொறுத்தாங்க. உன் புஸ்தகத்துல படம் போட்டிருக்கிறது எந்த ஊர்க்காரன்? கோலார்க்காரன். வயநாட்டுக்காரன் படத்தை எந்தப் பையனும் வழவழக் காகிதத்துல அச்சடிக்கமாட்டான். அப்புறம் இன்னொண்ணு. லண்டன்ல பொறுத்தவனுக்கு அது மிச்சப்பணம். சுரங்கத்துல இறங்கினானே நம்ம ஆளு, அவன் தன் கூலியை லண்டன் பங்குல போட்டுட்டா பொறுத்தான்? சனிக்கிழமை அரிசி வாங்கினான்.

உனக்கு இது வேணாம்னு நான் சொன்னேனா? சொல்லவே இல்ல. நம்ம நாட்டுல என்.பி.எஸ். பென்ஷன் திட்டத்துல மாற்று முதலீட்டுக்குன்னு தனி வகை வெச்சப்பவே, அதுல நூத்துக்கு அஞ்சு ரூபாய்க்கு மேல விடலை. அந்தக் கணக்கையே எடுத்துக்கோ. ஒரு கோடிங்கிறது உன் சொத்துல நூத்துக்கு அஞ்சுன்னா, உங்கிட்ட இருவது கோடி இருக்கணும். இருக்குதா? இருந்தா சொல்லு மாப்ளே, நான் இன்னும் கொஞ்சம் மரியாதையா பேசறேன், அத்தையை எழுப்பி பாயசம் வெக்கச் சொல்றேன். இருக்கிறதே ஒண்ணே கால் கோடின்னா, மீதி இருவத்தஞ்சு லட்சத்துல ஏழு வருஷமோ ஒம்போது வருஷமோ வீட்டை ஓட்டி, வாசல்ல ஓலை வர்றப்பெல்லாம் எண்ணிக் கொடுக்கணும். செய்யலாம். உன் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டியா? அங்க சொல்லிட்டு அப்புறம் எங்கிட்ட வா.

கடைசியா, தரகனுக்குத் தரகன் கேக்கிற கேள்வி. அந்தப் பையனுக்கு இதுல எவ்வளவு? 2023-ல செபி ஒரு ஒழுங்கு வெச்சுது. இந்த மாதிரி நிதியில தரகுல மூணுல ஒரு பங்குதான் முன்னாடியே வாங்கிக்கலாம், மீதியைக் காலம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வாங்கணும். அதுக்கு முன்னாடி முதல் நாளே மொத்தமா அள்ளிக்கினு போனவங்க இருந்தாங்க, அதனால வந்த ஒழுங்கு. அதே உத்தரவுல இன்னொண்ணும் இருக்குது. தரகனே இல்லாம நேரா போய் சேர்றதுக்கு வழி வெச்சே ஆகணும், அப்படிப் போறவனுக்குத் தரகுச் செலவு கிடையாதுன்னு. முறுக்கு தின்ன பையன் இதைச் சொன்னானா?

சொல்லலையா. பலே. அவனை ஞாயித்துக்கிழமை கூட்டிக்கினு வா மாப்ளே, பேங்குல என்னா சம்பளம்னு கேட்டுப் பாக்கறேன். எனக்கும் வயசாச்சு, சந்தைக்கு ஒரு கையாள் தேடிக்கினு இருக்கேன்.